ஐந்து ஊர்கள், நூறாண்டுக் கணக்கு

சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்துக்கான முதல் பேராசிரியராக 1915 கடைசியில் வந்து சேர்ந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். அதற்கு முன் ஆக்ஸ்ஃபோர்டில் ரஸ்கின் கல்லூரி முதல்வர். இங்கே அவர் செய்த பெரிய காரியம், மாணவர்கள் கையில் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்து, ஊர் ஊராக விசாரித்து எழுதிவரச் சொன்னதுதான். நிலம் யாரிடம், பாசனம் எப்படி, கூலி என்ன, கடன் எவ்வளவு? அந்தக் குறிப்புகள் 1918இல் புத்தகமாயின.

அந்த ஊர்களில் ஐந்துக்கு ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போனார்கள்: இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி, வடமலாபுரம், கங்கைகொண்டான். 1930களில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் மறு ஆய்வு நடத்தினார்கள். 1961இல் மார்கரெட் ஹாஸ்வெல் வந்தார். எண்பதுகளில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ். குகன் முதலானோர் அந்தக் கணக்கைத் தொடர்ந்தார்கள்.

விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஸ்லேட்டர் காலத்தில் அங்கே படியாள் முறை இருந்தது. கல்யாணச் செலவுக்கு நிலக்காரரிடம் கடன் வாங்குவார் ஒரு கூலியாள். அதோடு அவர் உழைப்பு அந்த வீட்டுக்குச் சொந்தம். கடன் அடையாது, பிள்ளையின் தலையில் இறங்கும். 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் அதே ஊருக்குப் போனபோது படியாள் இல்லை. நிலக்காரர்களின் பழைய பிடி தளர்ந்திருந்தது. கூலிக்காரர்கள் வெளியூர் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தார்கள். ஒரு தடவை மட்டும் போய்ப் பார்த்தவருக்கு இந்த மாற்றம் பிடிபடாது. முன்பு எழுதி வைத்த வரி ஒன்று இருந்தால்தான், இன்றைய வரிக்குப் பொருள் கிடைக்கும்.

இதில் பொருளாதாரம் மட்டும் போதாது. 1973-74இல் கேம்பிரிட்ஜும் சென்னைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து வட ஆர்க்காட்டு நெல் கிராமங்களில் நடத்திய ஆய்வே அதற்குச் சான்று. புவியியலாளர் பி.எச். ஃபார்மர் தலைமையில் பல துறையினர் ஒன்றாக இறங்கினார்கள். பசுமைப் புரட்சி பற்றிய புகழுரைகளுக்கு நடுவே, உயர்விளைச்சல் ரகங்கள் அரசுக் கணக்கு சொன்ன அளவுக்குப் பரவவில்லை என்று வயலை அளந்து சொன்னார்கள். விதையை மட்டும் கொடுத்துவிட்டால் ஆயிற்றா? கிணற்றில் நீர் வேண்டும், மோட்டாருக்குக் கரண்டு வேண்டும். நீர்மட்டத்தைப் பார்க்கிறவரும் வட்டிக் கணக்கைப் பார்க்கிறவரும் சேர்ந்து போனதால் கிடைத்த விடை அது. அந்த ஊர்களுக்கும் பத்தாண்டுக்கு ஒரு முறை ஆய்வாளர்கள் திரும்பிப் போனார்கள்: 1980களில் ஒரு குழு, 1990களில் இன்னொரு குழு.

இன்று ஆராய்ச்சிப் பணம் பெரும்பாலும் இரண்டு மூன்று வருடத் திட்டங்களுக்கே கிடைக்கிறது. திட்டம் முடிந்தால் படிவங்கள் பீரோவில் முடங்கும். அடுத்து வருபவர் வேறு ஊர், வேறு கேள்வி என்று தொடங்குவார். எனக்கு இது பெரிய இழப்பாகவே படுகிறது. கங்கைகொண்டானில் இப்போது சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. அங்கே நிலத்தடி நீர் எப்படி மாறியது, விவசாயக் கூலிக் குடும்பத்துப் பெண்கள் எந்த வேலைக்குப் போகிறார்கள் என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்க வேண்டிய நேரம் இது. ஒப்பிட்டுப் பார்க்க 1918இன் பக்கங்கள் நம்மிடம் இருக்கின்றன. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் பக்கத்து ஊர் இரண்டைத் தத்தெடுத்து, வேதியியல் மாணவரையும் சமூகவியல் மாணவரையும் ஒரே ஜீப்பில் அனுப்பட்டும். பத்து வருடம் கழித்து அடுத்த அணியையும் அதே ஊருக்கே அனுப்பட்டும்.