‘ஃபங்ஷன்’ என்றால் என்ன?

முதலாம் ஆண்டுத் தொடக்கத்தில், துணைப்பாடமான கணித வகுப்பில், ‘ஃபங்ஷன் என்றால் என்ன?’ என்று விரிவுரையாளர் கேட்டார். முன்வரிசையில் அமர்ந்த குற்றத்திற்காக நான் எழுந்து, “விசேஷம் ஐயா, காதுகுத்து, கல்யாணம் போல” என்றேன். வகுப்பே சிரித்தது. தமிழ்வழியில் படித்த நான் பள்ளியில் அதனைச் ‘சார்பு’ என்றே கற்றிருந்தேன். எங்கள் தெருவிலோ ஃபங்ஷன் என்றால் பந்தலும் மொய் நோட்டும்தான். நெடுநாள் அச்சொல்லைக் கேட்டாலே எனக்குக் கூசியது.

அண்மையில் நூலகத்தில் ஆங்கில அகராதி ஒன்றைப் புரட்டியபோதுதான், நான் சொன்னது தவறன்று என்று தெரிந்தது.

இலத்தீனில் ‘ஃபுங்கி’ என்றொரு வினை உண்டு. ஏற்ற கடமையை நிறைவேற்றுதல் என்பது அதன் பொருள். அதன் வழிவந்ததே ஃபங்ஷன். (‘டிஃபங்க்ட்’ என்பதும் அதன் உறவே. கடமை முடித்தவர், அதாவது காலமானவர்!) இதயத்தின் ஃபங்ஷன் இரத்தத்தைச் செலுத்துவது என்கிறோம். இதனை வெறும் ‘வேலை’ என்று கொள்ளலாகாது. ஒரு பொருள் எதற்கென்று இருக்கிறதோ அந்த வேலை. அம்மிக் குழவியின் ஃபங்ஷன் அரைப்பது. அதையே கதவுக்கு முட்டாக வைத்தால், முட்டாக ‘ஃபங்ஷன்’ ஆகிறது என்று வினைச்சொல்லாக்கி, ‘ஆஸ்’ சேர்த்துச் சொல்வர்.

குருமார் செய்யவேண்டிய சமயக் கடமையைக் குறித்த இச்சொல், பின்னர் அச்சடங்கையும், அதன்பின் முறைப்படி பலரை அழைத்து நடத்தும் விழாவையும் குறித்தது. ஆக, எங்கள் தெரு ஆங்கிலத்தில் பிழையில்லை. நாலு பேர் கூடித் தேநீர் அருந்துவதை மட்டும் அப்படிச் சொல்லக்கூடாது.

கணிதத்திற்கு இச்சொல்லைக் கொணர்ந்தவர் லைப்னிட்ஸ். 1673-இல் வளைகோடுகளைப் பற்றி எழுதுகையில் கையாண்டார். ஒன்றின் மதிப்பைச் சார்ந்து மற்றொன்றின் மதிப்பு அமைவதே இங்குப் பொருள். தனி ஊசலின் அலைவு நேரம் அதன் நீளத்தின் ஃபங்ஷன். நீளத்தை 4 மடங்காக்கினால் நேரம் 2 மடங்காகும். குண்டின் எடையை மாற்றினால் மாறாது. இதற்குச் ‘சார்பு’ என்ற தமிழ்ச்சொல் ஆங்கிலச் சொல்லைவிடத் தெளிவானது என்பது என் கருத்து. ஆனால் வாய்பாடு இருந்துதான் தீரவேண்டும் என்பதில்லை. ஒவ்வொரு மதிப்புக்கும் நேராக ஒரே ஒரு மதிப்பு உறுதியாக இருந்தால் போதும் என்று 1837-இல் டிரிஷ்லே கொண்டார்.

இதைப் படித்ததும் எனக்கு மொய் நோட்டு நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு பெயருக்கும் நேராக ஒரு தொகை. பலர் ஒரே தொகை எழுதலாம். ஒருவருக்கே இரண்டு தொகை இருக்கலாகாது. ஃபங்ஷனுக்குள்ளேயே ஒரு ஃபங்ஷன்! விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது தங்கையின் காதுகுத்து நோட்டை எடுத்துச் சரிபார்த்தேன். ஓரிடத்தில் 101, மூன்று பக்கம் தள்ளி அதே பெயருக்கு 51. என் கணிதம் குலைந்ததே என்று அம்மாவிடம் காட்டினேன்.

“ஒருத்தர் மேலத்தெரு, இன்னொருத்தர் கீழத்தெருடா” என்றார்.