பழைய டிராக்டர் வாங்கும்போது மணி மீட்டரை மட்டும் நம்பலாமா?

புதிய டிராக்டரின் விலை கட்டுப்படியாகாத சிறு விவசாயிகள், ஓடிய டிராக்டரைத் தரகர் மூலம் வாங்குவது வழக்கமாக உள்ளது. நகையை அடகு வைத்தும் கடன் பெற்றும் வாங்கிய வண்டி முதல் உழவுப் பருவத்திலேயே என்ஜின் வேலைக்கு நின்றுவிட்டால், வட்டியும் போய் உழவும் தவறிவிடும். "1,800 மணிதான் ஓடியிருக்கிறது, மீட்டரைப் பாருங்கள்" என்ற பேச்சை மட்டும் நம்பி விலையை முடிப்பதே இந்த நஷ்டத்திற்கு ஒரு முக்கிய காரணமாகும்.

மணிக் கணக்கும் விலையும்

லாரிக்குக் கிலோ மீட்டர் எப்படியோ, டிராக்டருக்கு மணி அப்படி. டிராக்டரின் ஆயுளை 10 ஆண்டு அல்லது 10,000 மணி என்று வைத்துத் தேய்மானம் கணக்கிடுவது வேளாண் பொறியியலில் வழக்கம். உதாரணமாக, 8 லட்சம் ரூபாய் வண்டிக்குக் கடைசி மதிப்பு 80 ஆயிரம் என்று கொண்டால், மீதி 7,20,000 ரூபாயை 10,000 மணிக்குப் பங்கிட வேண்டும். மணிக்கு 72 ரூபாய் தேய்மானம் ஆகிறது. 3,000 மணியை மறைத்து விற்றால் உங்களுக்கு 2,16,000 ரூபாய் நஷ்டம். என்ஜின் பிரிக்கும் செலவு இதில் சேரவில்லை.

மீட்டர் எவ்வாறு பொய் சொல்கிறது?

பழைய மாடல்களில் மீட்டர் என்ஜினிலிருந்து வரும் கேபிளால் சுழல்கிறது. கேபிளைக் கழற்றிவிட்டால் வண்டி ஓடும், மீட்டர் ஓடாது. மீட்டரையே மாற்றி வேறு ஒன்றைப் பொருத்துவதும் உண்டு. நான்கு இலக்க மீட்டர் 9,999 மணியைத் தாண்டியதும் பூஜ்யத்திலிருந்து மறுபடி தொடங்கும். எனவே பன்னிரண்டு வருட வண்டி 800 மணி காட்டினால், அது 10,800 மணியாகவும் இருக்கலாம்.

மோசடி இல்லாமலும் மீட்டர் குறைவாகக் காட்டுவது உண்டு. கேபிள் மீட்டர், குறிப்பிட்ட என்ஜின் வேகத்தில்தான் கடிகார மணியோடு ஒத்துப் போகும். அந்த வேகம் நிமிடத்திற்கு 1,500 சுற்று என்றால், 1,000 சுற்றில் மூன்று மணி நேரம் ஓடிய வண்டி இரண்டு மணியே காட்டும். ஆகவே மீட்டரை ஒரு சாட்சியாக மட்டுமே கொள்ள வேண்டும்.

வேறு சாட்சிகள்

முதலில் வயதையும் உபயோகத்தையும் ஒப்பிடுங்கள். ஆறு வருட வண்டி 1,800 மணி என்றால் ஆண்டுக்கு 300 மணி. சொந்த நிலத்தை மட்டும் உழுதவரிடம் இது நம்பக்கூடியதே. ஆனால் ஆண்டில் 100 நாள், நாளொன்றுக்கு 8 மணி வாடகை உழவு ஓட்டியிருந்தால் ஆறு ஆண்டில் 4,800 மணி ஆகிவிடும். வண்டி எந்த ஊரில் என்ன வேலை செய்தது என்று அந்த ஊரிலேயே விசாரிப்பது நலம்.

சர்வீஸ் புத்தகத்தைக் கேளுங்கள். ஒவ்வொரு சர்வீஸின்போதும் தேதியும் மணியும் எழுதப்படும். புத்தகம் தொலைந்துவிட்டது என்றால், உரிமையாளரையே அழைத்துக்கொண்டு, சேஸிஸ் எண்ணுடன் விற்பனை முகவரின் பட்டறைக்குச் சென்று பழைய பதிவைப் பார்க்கலாம்.

டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் அது தயாரான காலத்தைக் காட்டும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம். குறைந்த மணி காட்டும் வண்டியில் பின் டயர் மாற்றப்பட்டிருந்தால் காரணம் கேளுங்கள். தார் ரோட்டில் டிரெய்லர் இழுத்த வண்டிக்கு டயர் சீக்கிரம் தேயும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

பெயிண்டும் பெடல் ரப்பரும் ஒரே நாளில் புதிதாகிவிடும். ஆனால் டிரெய்லர் கொக்கி மாட்டும் துளை நீண்டிருப்பது, பி.டி.ஓ. தண்டின் பற்கள் தேய்ந்திருப்பது, கலப்பை மாட்டும் கைகளின் குண்டுகள் ஆடுவது, முன் அச்சின் பின் தளர்ந்திருப்பது ஆகியவற்றை மறைப்பது கடினம்.

ஓட்டிப் பார்க்கும் முறை

1. தரகர் வருமுன் சூடேற்றி வைத்திருக்கலாம். என்ஜின் குளிர்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள்.

2. நீலப் புகை தொடர்ந்து வந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது. சூடான பின் ஆயில் ஊற்றும் மூடியைத் திறக்கும்போது புகை குபுகுபுவென்று வந்தால் ரிங்கும் லைனரும் தேய்ந்துள்ளன என்று அறியலாம்.

3. கலப்பை மாட்டி ஒரு மணி நேரமாவது உழுது பாருங்கள். மீட்டர் நகர்கிறதா, கிளட்ச் வழுக்குகிறதா, கியர் தானாக விடுபடுகிறதா என்று கவனியுங்கள். சூடான நிலையில் என்ஜின் மெதுவாக ஓடும்போது ஆயில் அழுத்தம் மிகவும் இறங்கக் கூடாது.

4. கலப்பையைத் தூக்கி வைத்து என்ஜினை நிறுத்துங்கள். சில நிமிடங்களிலேயே கலப்பை தரைக்கு இறங்கினால் ஹைட்ராலிக்கில் கசிவு உள்ளது.

உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். தரகர் கூட்டி வரும் மெக்கானிக் வேண்டாம். தரகருக்கு விற்பனை முடிந்தால்தான் கமிஷன் என்பதை மறக்க வேண்டாம்.

எழுத்தில் வாங்குங்கள்

முன்பணம் கொடுக்குமுன் உரிமையாளரை நேரில் சந்தியுங்கள். பதிவுச் சான்றில் உள்ள என்ஜின், சேஸிஸ் எண்கள் வண்டியோடு ஒத்திருக்க வேண்டும். வங்கிக் கடன் இருந்தால், கடன் தீர்ந்த சான்றும் படிவம் 35-ம் அவசியம். பெயர் மாற்றத்திற்குப் படிவம் 29, 30 இரண்டும் தேவை. மீட்டர் காட்டும் மணி, உண்மையில் ஓடிய மணி, மீட்டர் மாற்றப்பட்டதா இல்லையா ஆகியவற்றை விற்பனை ஒப்பந்தத்தில் எழுதி, உரிமையாளரின் கையொப்பமும் சாட்சியாகத் தரகரின் கையொப்பமும் பெறுங்கள்.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, பொய்யான தகவலால் சம்மதம் பெறப்பட்ட ஒப்பந்தத்தை ஏமாந்தவர் ரத்து செய்யக் கோரலாம். ஆனால் அவர் சாதாரணக் கவனத்தோடு உண்மையை அறிந்திருக்க முடியும் என்றால், சில சமயம் அந்த உரிமை கிடைக்காமல் போகலாம். ஆகவே சோதனையும் எழுத்தும் இரண்டுமே தேவை. எழுதித் தரத் தயங்குபவரிடம் அந்த மணிக் கணக்குக்கான விலையைக் கொடுக்க வேண்டாம்.

இரண்டு, மூன்று ஏக்கர் மட்டும் உள்ளவர்கள், ஆண்டுக்குத் தமக்கு எத்தனை மணி உழவு தேவை என்று முதலில் எழுதிப் பார்க்க வேண்டும். வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டரை மணிக் கணக்கில் வாடகைக்குத் தருகிறது. அந்த வாடகையையும், வாங்கும் வண்டிக்கான வட்டி, தேய்மானம், பழுதுச் செலவு ஆகியவற்றையும் ஒப்பிட்டு, எது குறைவோ அதன்படி முடிவு செய்வது நல்லது.