மாதவிடாய் நின்ற பின் இரத்தம் கண்டால்: ஆலிமிடம் கேளுங்கள், வைத்தியரிடமும் போங்கள்



எங்கள் திம்புள்ளப் பக்கம் ஜனவரி இரவென்றால் இரண்டு கம்பளி போர்த்தினாலும் குளிரும். அந்தக் குளிரிலும் நடுச்சாமத்தில் கம்பளியை உதறிவிட்டு, வியர்வையில் நனைந்த உடுப்போடு எழுந்து ஜன்னலைத் திறக்கும் பெண்கள் இருக்கிறார்கள். நானும் அப்படித் திறந்தவள்தான். 'காய்ச்சலா?' என்று கணவர் கேட்டார். காய்ச்சல் இல்லை. மாதவிடாய் நிற்கும் காலம் அது.

இதைப் பற்றி நம் வீடுகளில் யாரும் பேசுவதில்லை. முதல் தீட்டு வந்தபோது உம்மாவும் மாமிமாரும் சேர்ந்து சொல்லித் தந்தார்கள். அது நிற்கும்போது சொல்லித் தர யாரும் இல்லை. பேசாமல் இருந்ததற்கு எங்கள் குடும்பம் கொடுத்த விலை பெரிது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் உடலில் நடப்பதைப் பார்ப்போம். தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வரவில்லை என்றால், அது நின்றுவிட்டது என்று வைத்தியர்கள் கொள்கிறார்கள். பெரும்பாலான பெண்களுக்கு இது 45க்கும் 55க்கும் இடையில் நடக்கிறது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே சூலகங்கள் ஈஸ்ட்ரோஜன் சுரப்பதில் ஏற்ற இறக்கம் தொடங்கிவிடும். ஒரு மாதம் அதிகமாகப் போகும், இரண்டு மாதம் வராது. திடீர் வெப்பம், தூக்கமின்மை, படபடப்பு, காரணமில்லாத கோபம், அழுகை எல்லாம் இந்தக் காலத்தில் வரலாம். 'இவளுக்கு என்ன பிடித்தது?' என்று கேட்கும் ஆண்களும் பிள்ளைகளும் இதை விளங்கிக்கொள்ள வேண்டும். அவளுக்கு எதுவும் பிடிக்கவில்லை. அவள் உடல் மாறிக்கொண்டிருக்கிறது.

நின்ற பிறகு வரும் மாற்றங்கள் அவ்வளவாக வெளியில் தெரியாது. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் முதல் சில ஆண்டுகளில் எலும்பு வேகமாகத் தேயும். கெட்ட கொலஸ்ட்ரோல் கூடும். அதுவரை ஆண்களைவிடக் குறைவாக இருந்த மாரடைப்பு அபாயம் ஏறத் தொடங்கும். பிறப்புறுப்பு வறண்டு, தாம்பத்தியம் வலியாகும்; சிறுநீர்த் தொற்றும் அடிக்கடி வரும். வெட்கத்தில் இதை மறைத்துக் கணவனிடமிருந்து ஒதுங்கும் பெண்கள் பலர். இதற்குக் களிம்பு முதல் எளிய வைத்தியம் உண்டு. கேட்டால்தான் கிடைக்கும்.

கேட்பது மார்க்கத்துக்கு முரண் என்று யாரும் எண்ண வேண்டாம். உம்மு சுலைம் (ரழி) அவர்கள் மிக அந்தரங்கமான விடயத்தை நபி (ஸல்) அவர்களிடமே நேரில் கேட்டார்கள். மார்க்கத்தை அறிந்துகொள்ள வெட்கம் தடையாக இருக்கவில்லை என்று அன்சாரிப் பெண்களை ஆயிஷா (ரழி) அவர்கள் புகழ்ந்திருக்கிறார்கள். ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரழி) அவர்கள் தமக்கு நிற்காமல் வரும் உதிரம் பற்றிக் கேட்டபோது, அது ஹைழ் அல்ல என்று விளக்கி, தொழும் வழியையும் நபியவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். குர்ஆனும் இந்தப் பருவத்தைப் பேசாமல் விடவில்லை. மாதவிடாய் நின்றுபோன பெண்களுக்குத் தலாக்கின் பின் இத்தா மூன்று மாதங்கள் என்று சூரா அத்தலாக்கின் 4ஆம் வசனம் வகுத்திருக்கிறது.

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். என் உம்மாவுக்கு மாதவிடாய் நின்று ஐந்து வருடங்களின் பின், 57 வயதில், மீண்டும் உதிரம் பட்டது. ஒரு நாள் பட்டு நிற்கும், பத்து நாள் கழித்து மறுபடி படும். அந்த நாட்களில் தொழலாமா, விடலாமா என்பதுதான் எங்கள் வீட்டில் எழுந்த ஒரே கேள்வி. ஓர் ஆலிமிடம் ஆள் அனுப்பிக் கேட்டோம். அவர் மார்க்கச் சட்டத்தைச் சரியாகவே சொன்னார். அத்துடன் எங்கள் மனம் ஆறிவிட்டது. வைத்தியரிடம் போக வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. ஏழு மாதம் கழித்து வயிற்று வலியில் கொண்டுபோனபோது கர்ப்பப்பையில் புற்றுநோய் முற்றியிருந்தது. உம்மா அதன் பின் இரண்டு நோன்பைத்தான் கண்டார்.

அந்தக் கேள்வி தவறானதல்ல. ஷாஃபிஈ மத்ஹபில் ஹைழின் ஆகக் குறைந்த அளவு ஒரு பகலும் இரவும், ஆகக் கூடியது 15 நாட்கள். அதைக் கடந்து ஓடினால் இஸ்திஹாழாவின் சட்டங்கள் வரும். ஹைழா இல்லையா என்பது தொழுகையையும் நோன்பையும் தொடும் கேள்வி, அதை உலமாக்களிடம் கேட்டே ஆக வேண்டும். ஆனால் அந்தப் பதில் தொழுகைக்குத்தான். இரத்தம் எங்கிருந்து, ஏன் வருகிறது என்பதற்கு அதில் பதில் இருக்காது. ஹைழின் கணக்குக்குள் அடங்கும் இரத்தத்துக்குப் பின்னாலும் நோய் இருக்கலாம். இரண்டு கேள்விகளையும் அதே வாரத்தில் கேட்க வேண்டும்.

ஒரு வருடம் முழுதாக நின்ற பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் பரிசோதனை அவசியம். பத்தில் ஒன்பது பேருக்கு அளவில் காரணம் புற்றுநோயாக இருக்காது. உட்சுவர் மெலிந்தது, சிறு தசை வளர்ச்சி என்று ஏதாவது இருக்கும். ஸ்கேன் எடுத்து, தேவைப்பட்டால் கர்ப்பப்பையின் உட்சுவரிலிருந்து சிறு துணுக்கை எடுத்துப் பார்ப்பார்கள். புற்றுநோயாகவே இருந்தாலும், ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் கர்ப்பப்பையை அகற்றிப் பெரும்பாலானோர் குணமடைகிறார்கள்.

எங்கே போவது? சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ் 'சுவநாரி' எனும் பெண்கள் நலக் கிளினிக் 1996 முதல் நம் நாட்டில் நடக்கிறது. 35 வயதைத் தாண்டிய பெண்களுக்கு பிரஷர், சீனி, மார்பு, கர்ப்பப்பைக் கழுத்து எல்லாவற்றையும் அங்கே இலவசமாகப் பார்க்கிறார்கள். நாள் எது என்று உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். அங்கே செய்யும் பெப் பரிசோதனை கர்ப்பப்பைக் கழுத்துக்கானது. நின்ற பின் உதிரம் பட்டவர்கள், 'பெப் நல்லபடி வந்தது' என்று இருந்துவிடாமல் வைத்தியசாலையில் பெண்நோயியல் வைத்தியரைக் காண வேண்டும்.

அன்றாடம் நாமே செய்யக்கூடியவையும் உண்டு. ஐம்பதைக் கடந்த பெண்ணுக்கு நாளுக்கு 1,000 முதல் 1,200 மில்லிகிராம் கல்சியம் தேவை. முள்ளோடு தின்னும் நெத்தலி, பால், தயிர், குரக்கன், கீரை வகைகளில் அது இருக்கிறது. மூடிய உடையும் மூடுபனியும் சேர்ந்தால் விட்டமின் டி குறையும். வீட்டுப் பின்வளவில் கொஞ்ச நேரமாவது கையிலும் முகத்திலும் வெயில் பட இருங்கள். மலையேறி நடப்பது எலும்புக்கு நல்லது. சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து சரியாகச் சேராது. நிற்கும் முன் அதிகம் இரத்தம் போகும் பெண்கள் ஒரு மணி நேரம் இடைவெளி விடுவது நல்லது. கொழுந்து பறிக்கும் அக்காமார் முதல் கடைவீதியில் இருக்கும் நாம் வரை எல்லோருக்கும் இது பொருந்தும்.

வெப்பமும் தூக்கமின்மையும் தாங்க முடியாவிட்டால் ஹோர்மோன் சிகிச்சை இருக்கிறது. 60 வயதுக்குள், நின்று பத்து ஆண்டுகளுக்குள் தொடங்குவோரில் பெரும்பாலானோருக்கு நன்மையே கூடுதல். மார்புப் புற்றுநோயோ இரத்தம் உறையும் நோயோ வந்தவர்களுக்கு அது பொதுவாக ஏற்றதல்ல. வைத்தியர் பார்த்துத் தர வேண்டிய மருந்து அது. முகநூலில் விற்கும் பொடிகளை வாங்கி ஏமாறாதீர்கள்.

இந்தப் பருவத்தில் ஒரு நிஃமத்தும் உண்டு. ரமழானின் எல்லா நோன்பையும் கழா இல்லாமல் பிடிக்க முடிகிறது. சீனிக்கும் பிரஷருக்கும் மருந்து எடுப்பவர்கள் நோன்புக்கு முன்பே வைத்தியரைக் கண்டு, மருந்து நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

சகோதரிகளே, இன்றைக்கே உங்கள் உம்மாவிடம், மாமியிடம், ராத்தாவிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: 'நின்ற பிறகு எப்போதாவது பட்டதா?' நான் என் உம்மாவிடம் கேட்காமல் விட்ட கேள்வி அது. அல்லாஹ் அவரது மண்ணறையை விசாலமாக்குவானாக. நம் எல்லோருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக. ஆமீன்.