தனித்தனியாகத் தேறியும் சேர்ந்தால் தோற்பது ஏன்?

ஒரு இணையச் செயலியின் ஒவ்வொரு பகுதியும் தனித்தனிச் சோதனையில் தேறியிருக்கும். ஆனாலும் பயனர் ‘பணம் செலுத்து’ பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. ஏன்? பிரவுசர், சர்வர், தரவுத்தளம் மூன்றும் கைகோக்கும் இடத்தில்தான் பல பிழைகள் பிறக்கின்றன. அதனால்தான் தொடக்கம் முதல் முடிவுவரை நிஜ பிரவுசரிலேயே சோதிக்க வேண்டியிருக்கிறது.

எப்படி? 2004-இல் ஜேசன் ஹக்கின்ஸ் உருவாக்கிய செலினியம் என்ற கருவி இதற்கு வழி திறந்தது. 2020-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பிளேரைட் என்ற கருவி குரோமியம், ஃபயர்ஃபாக்ஸ், வெப்கிட் ஆகிய மூன்று பிரவுசர் வகைகளையும் ஒரே நிரலால் இயக்குகிறது.

இன்று தேறிய சோதனை நாளை தோற்பது ஏன்? பெரும்பாலும் நேரம்தான் காரணம். பக்கம் முழுதாக வந்து சேருமுன்பே நிரல் பொத்தானை அழுத்திவிடுகிறது. ‘மூன்று விநாடி காத்திரு’ என்று எழுதுவது தீர்வல்ல: சர்வர் மெதுவானால் அது போதாது, வேகமானால் வீண். பிளேரைட், பொத்தான் கண்ணுக்குத் தெரிகிறதா, அசையாமல் நிற்கிறதா, இயங்கும் நிலையில் உள்ளதா, வேறெதுவும் அதை மறைக்காமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அழுத்துகிறது. திரையில் அடுத்தடுத்த இரண்டு ஃபிரேம்களிலாவது அதே இடத்தில் இருந்தால்தான் ‘அசையவில்லை’ என்று ஏற்கும்.

சோதனை எழுதும்போது, பொத்தானைப் பக்கத்தின் ஹெச்டிஎம்எல் அடுக்கில் அது இருக்கும் இடத்தை வைத்துத் தேடாதீர்கள். பயனர் படிக்கும் பெயரால் தேடுங்கள். பக்க அமைப்பு மாறினாலும் சோதனை உடையாது. ஒரு சோதனை மற்றொன்றைப் பாதிக்காதபடி ஒவ்வொன்றுக்கும் தனித் தரவு கொடுங்கள்.

தொடக்கம் முதல் முடிவுவரை நிகழும் இவ்வகைச் சோதனைகள் மெதுவானவை. ஆகவே உள்நுழைவு, பணம் செலுத்துதல் போன்ற உயிர்நாடியான பாதைகளுக்கு முதலில் எழுதுங்கள்.