உங்களுக்குத் தெரியுமா? பிழையில்லாமல் தமிழ் எழுத இணையத்தில் இலவசத் துணைகள்

'இங்கே க் வருமா, வராதா?' பேனா எடுத்தவர் எல்லாருக்கும் வரும் சந்தேகம் இது. கேட்டுத் தெரிந்துகொள்ள இன்று இணையமே போதும்.

● 'வேலை கொடு' என்றால் பார்க்க ஒரு வேலை கொடு. 'வேலைக் கொடு' என்றால் கையிலிருக்கும் வேலைக் கொடு, அதாவது ஆயுதத்தை! ஒரே ஒரு 'க்' பொருளையே மாற்றிவிடுகிறது.

● இப்படிப்பட்ட ஒற்றுப்பிழைகளைக் காட்டித் தருகிறது 'நாவி' என்னும் சந்திப்பிழை திருத்தி. எழுத்துப்பிழை பார்க்க 'வாணி' இருக்கிறது. இரண்டையும் உருவாக்கியவர், நீச்சல்காரன் என்ற பெயரில் எழுதும் கணித்தமிழ் ஆர்வலர்.

● 'முயற்ச்சி', 'அதற்க்கு', 'காட்ச்சி' மூன்றும் தவறு. ட், ற் இரண்டுக்கும் பின்னால் இன்னொரு மெய்யெழுத்து வராது. முயற்சி, அதற்கு, காட்சி என்று எழுதினாலே போதும்.

● விதியை மூலத்திலேயே பார்க்க வேண்டுமா? தொல்காப்பியமும், பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் எழுதிய நன்னூலும் உரைகளோடு தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் உள்ளன. 2001இல் தொடங்கிய நிறுவனம் இது.

● சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை 6 தொகுதிகளாக வந்தது; 1939இல் அனுபந்தம். 1 லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட இந்தப் பேரகராதியை, சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின் அகராதித் தளத்தில் ஒரு சொல்லைத் தட்டித் தேடலாம்.

● ஆங்கிலக் கலைச்சொல்லுக்குத் தமிழ் கிடைக்கவில்லையா? தமிழ்நாடு அரசின் 'சொற்குவை', தன்னார்வலர்கள் 2004 முதல் வளர்க்கும் தமிழ் விக்சனரி இரண்டிலும் பாருங்கள்.

● இலக்கணத்தை விதி சொல்லித்தரும். நடையைப் படிப்புதான் தரும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பாரதியார், கல்கி முதலியோரின் எழுத்துகள் இலவசமாகக் கிடைக்கின்றன. நாளுக்கு ஒரு பக்கம் வாய்விட்டுப் படியுங்கள். வாக்கியம் எங்கே மூச்சு வாங்குகிறது என்பது காதுக்குப் பிடிபடும்.

● 'தந்த பலகை' ஒருவர் கொடுத்த பலகை. 'தந்தப் பலகை' யானைத் தந்தத்தால் ஆனது. இரண்டுமே இலக்கணப்படி சரி. திருத்தி காட்டியது என்பதற்காக 'ப்' போட்டுவிடாதீர்கள். நீங்கள் சொல்ல வந்தது எந்தப் பலகை என்று பார்த்துப் போடுங்கள்.