வில்லுக்குப் பட்டி தேய்க்கும் மெஷின்: எப்படி இயங்குகிறது?

வில்லின் மேல் கையும் கீழ்க் கையும் ஒன்றுக்கொன்று ஈடாக வளைய வேண்டும். ஒன்று விறைத்து நின்று மற்றொன்று தளர்ந்து கொடுத்தால் நாண் சமமாக வராது, அம்பு வாலை ஆட்டிக்கொண்டு போகும். அப்போது மரம் சரியில்லை என்று சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் கோளாறு தடிமனில் இருக்கிறது. ஒரே மரம், ஒரே அகலம். ஒரு கை 10 மி.மீ., மறு கை 10.3 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் வெறும் 3 விழுக்காடு. ஆனால் விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும் என்பதால், அந்தக் கை 9 விழுக்காடு கூடுதலாக விறைத்து நிற்கும். தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு.

கொல்லிமலையில் ஆடி மாதம் நடக்கும் வல்வில் ஓரி விழாவில் இன்றும் வில்வித்தைப் போட்டி உண்டு. தேசியப் போட்டிகளில் ‘இந்தியன் ரவுண்ட்’ பிரிவில் மூங்கில் வில்தான் பிடிக்கிறார்கள். வில்லை வீட்டிலேயே செய்ய நினைப்பவர், இரண்டு மூன்று மி.மீ. தடிமனுள்ள மரப் பட்டிகளை எபாக்சி பசையால் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுகிறார். அந்தப் பட்டிகளைத் தலை முதல் கால் வரை ஒரே சீராகத் தேய்த்துத் தரும் மெஷின் கடையில் சுலபமாகக் கிடைக்காது. ஆனால் அம்பகரத்தூரில் இருப்பவர் திருநள்ளாறு, காரைக்கால் கடைகளில் ஒரு சுற்று வந்தால் வேண்டிய சாமானைச் சேர்த்துவிடலாம்.

கல்யாண மண்டபச் சமையலறையில் மோட்டார் வைத்த தேங்காய்த் துருவியைப் பார்த்திருப்பீர்கள். அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் மெஷின் முழுவதும் அதற்குள் அடங்கும்.

முதலில் மோட்டார். அரை அல்லது ஒரு குதிரைத்திறன், நிமிடத்துக்கு 1440 சுற்று, வீட்டு மின்சாரமே போதும். எர்த் கம்பி கட்டாயம். துருவியில் மோட்டார் பல் வைத்த குமிழைச் சுற்றுகிறது. இங்கே அது ஒரு வி-பெல்ட் வழியாக 20 மி.மீ. இரும்புத் தண்டைச் சுற்றுகிறது. தண்டின் இரு முனைகளையும் பிளம்மர் பிளாக் பேரிங் தாங்குகிறது.

அடுத்து உருளை. துருவியின் பல் வைத்த குமிழ் இதுதான். பிளைவுட்டை வட்டம் வட்டமாக அறுத்து, தண்டில் கோத்து, பசை போட்டு இறுக்கினால் 100 மி.மீ. விட்டமுள்ள உருளை கிடைக்கும். அதன்மேல் 60 அல்லது 80 நம்பர் உப்புத்தாளைச் சுற்றி ஒட்டினால் பல் தயார்.

ஆனால் கையால் செய்த உருளை எப்போதும் கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும். இங்கேதான் இந்த மெஷினில் எனக்கு மிகவும் பிடித்த வேலை வருகிறது. உருளைக்குத் தாள் ஒட்டுவதற்கு முன்பு, கீழே உள்ள மேசையில் உப்புத்தாளை விரித்து ஒட்டுங்கள். பிறகு உருளையைச் சுழலவிட்டு, மேசையை மெல்ல மெல்ல உயர்த்துங்கள். மேடாக உள்ள இடம் முதலில் உரசும், பிறகு அடுத்த இடம், கடைசியில் உருளை முழுவதும் உரசும். அப்போது உருளை வட்டமாகியிருக்கும். மேசைக்கு இணையாகவும் ஆகியிருக்கும். லேத் பட்டறைக்குப் போக வேண்டியதில்லை.

இனி மேசை. தேங்காய் துருவும்போது எவ்வளவு அழுத்துவது என்று கைதான் முடிவு செய்கிறது. ஓடு தட்டுகிறதா என்று விரல் உணர்ந்து நிறுத்தும். 0.1 மி.மீ. விஷயத்தில் அந்த விரலை நம்ப முடியாது. ஆகவே அந்த முடிவை ஒரு போல்ட்டிடம் கொடுத்துவிடுகிறோம். தடித்த பலகையின் ஒரு முனையில் கீல், மறுமுனைக்கு அடியில் எம்10 போல்ட், இரண்டுக்கும் நடுவில் மேலே உருளை. போல்ட் ஒரு சுற்றுக்கு 1.5 மி.மீ. ஏறும். உருளை நடுவில் இருப்பதால் அங்கே பாதிதான், 0.75 மி.மீ. ஏறும். எட்டில் ஒரு சுற்று திருப்பினால் 0.09 மி.மீ. ஒருமுறை தேய்க்க இது சரியான அளவு. பேராசைப்பட்டு அதற்கு மேல் திருப்பினால் மரம் கருகும், தாளில் தூள் அப்பிக்கொள்ளும்.

பிறகு பட்டியை உள்ளே விட வேண்டும். உருளையின் அடிப்பக்கம் எந்தத் திசையில் ஓடுகிறதோ, அதற்கு எதிராகத் தள்ளுங்கள். அதே திசையில் விட்டால் உருளை பட்டியைப் பிடுங்கி அம்பு மாதிரி எறிந்துவிடும். எதிராகத் தள்ளும்போதும் பட்டி உங்களை நோக்கித் திரும்பி வரலாம் என்பதால் நேர் பின்னால் நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். பாதி உள்ளே போனதும் அந்தப் பக்கம் போய் இழுங்கள், அல்லது துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் நிறுத்தக் கூடாது. நின்ற இடத்தில் பள்ளம் விழும், அந்தப் பள்ளத்தில்தான் நாளைக்கு வில் ஒடியும்.

ஒவ்வொரு முறையும் வெர்னியரால் இரு விளிம்பையும் அளந்து பாருங்கள். ஒரு விளிம்பு தடித்திருந்தால் உருளையும் மேசையும் இணையாக இல்லை என்று பொருள். மேலே சொன்ன வேலையைத் திரும்பச் செய்ய வேண்டியதுதான். 0.05 மி.மீ.க்குள் வந்தால் போதும்.

வில்லின் கை நுனியை நோக்கி மெலிய வேண்டும். மீட்டருக்கு 2 மி.மீ. சரிவு வழக்கமான அளவு. அதற்கு ஒரு சரிவுப் பலகை தேவை, அதையும் இதே மெஷின் செய்து கொடுக்கும். ஒரு மீட்டர் நேர்ப் பலகையின் அடியில், கால் மீட்டருக்கு ஒன்றாக, 0.5, 1, 1.5, 2 மி.மீ. என்று ஏறும் துண்டுகளை ஒட்டி உருளைக்கடியில் விடுங்கள். தூக்கி நிற்கும் முனை அதிகம் தேயும். துண்டுகளைப் பிய்த்துவிட்டால் பலகையே ஒரு நீண்ட ஆப்பு. அதன்மேல் பட்டியை இருபக்க டேப்பால் ஒட்டித் தேய்த்தால், பலகை தடித்த இடத்தில் பட்டி மெலியும்.

துருவல் தாம்பாளத்தில் விழும். மரத்தூளோ மூச்சில் ஏறும். உருளைக்கு மூடி போட்டு வேக்கூம் கிளீனர் குழாயைச் சொருகுங்கள், என்95 முகக்கவசம் அணியுங்கள். கண்ணாடியிழைப் பட்டியைத் தேய்ப்பதாக இருந்தால் இதில் சமரசமே கூடாது. பெல்ட்டுக்கும் மறைப்பு வேண்டும். வேட்டி, துப்பட்டா நுனி அதில் சிக்கினால் மோட்டார் நிற்காது.

நம் ஊருக்கென்று ஒரு சங்கதி இருக்கிறது. காற்றில் ஈரப்பதம் 80 விழுக்காடு என்றால், மரம் தன் உலர் எடையில் ஏறக்குறைய 16 விழுக்காடு நீரைப் பிடித்துவைக்கும். 50 விழுக்காடு என்றால் 9 அளவில் நிற்கும். ஐப்பசி மழையில் தேய்த்த பட்டி கோடையில் இளைத்துவிடும். ஆகவே பிளைவுட் பெட்டிக்குள் பழைய குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டு, பட்டிகளை முதலில் காயவைத்து, பிறகு தேயுங்கள். தேய்த்ததை வெளியில் போட்டுவைக்காமல் அன்றே ஒட்டுங்கள். தேக்கு என்றால் எண்ணெய்ப் பசை இருக்கும்; ஒட்டுவதற்கு முன் தேய்த்த பரப்பை அசிட்டோனால் துடைக்க வேண்டும். கடல் காற்றில் தண்டு துருப்பிடிக்காமல் இருக்க வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு. மேசைமேல் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவைத்தால் அடுத்த பட்டி வழுக்கிக்கொண்டு போகும்.