பார்க்காத வீட்டுக்கு முன்பணம்

சென்ற ஆண்டு ஜூன் மாதக் கடைசி வாரம். மும்பை மாட்டுங்காவில் உள்ள எங்கள் கிளைக்கு நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவர் காலையிலேயே வந்தார். ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவருடைய மகனுக்கு அமெரிக்காவின் அயோவா சிட்டியில் உள்ள பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. கல்விக் கடனுக்கான வேலைகள் முன்பே முடிந்துவிட்டன. அன்று அவர் வந்தது வேறோர் அவசரத்துக்காக.

"1,300 டாலர் இன்றைக்கே போக வேண்டும் சார். இல்லாவிட்டால் வீடு கைநழுவிப் போய்விடும்" என்றார்.

கைப்பேசியில் படங்களைக் காட்டினார். இரண்டு படுக்கையறைகள், நடந்து போகும் தூரத்தில் வகுப்பறை, மாத வாடகை 650 டாலர். முதல் மாத வாடகையும் அதே அளவு முன்பணமும் உடனே செலுத்த வேண்டும். உரிமையாளர் பணி நிமித்தம் வெளியூரில் இருப்பதால் வீட்டைக் காட்ட இயலாதாம். பணம் சேர்ந்ததும் சாவியைக் கூரியரில் அனுப்பிவிடுவாராம்.

அவர் நிரப்பித் தந்த படிவத்தில் ஒரு குறையும் இல்லை. ஆயினும் நாங்கள் தயங்கினோம். அதற்கு முந்தைய ஆண்டு, ஒரு தாயார் இதேபோல் தம் வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே முடித்துப் பணம் அனுப்பச் சொன்னார். ஆவணங்கள் சரியாக இருந்தன; அனுப்பினோம். அவர் மகள் வேறொரு கல்லூரி நகரில் இரண்டு பெட்டிகளுடன் அந்த வீட்டு வாசலில் போய் நின்றபோது, உள்ளே வேறு ஒரு குடும்பம் குடியிருந்தது. பணம் திரும்பவில்லை. விதிப்படி எங்கள் மீது தவறில்லை. எனினும் அந்தத் தாயார் கிளைக்கு வரும்போது அவர் முகத்தை நேராகப் பார்க்க எங்களால் இன்றும் முடிவதில்லை. ஒரு கேள்வி கேட்டிருக்கலாம் என்ற எண்ணமே இக்கட்டுரைக்குக் காரணம்.

ஆகஸ்டில் தொடங்கும் ஆண்டு

அசோகமித்திரனின் 'ஒற்றன்!' நாவலைப் படித்தவர்களுக்கு அயோவா சிட்டி முற்றிலும் புதிய ஊர் அன்று. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சுமார் 75,000 பேர் வாழும் நகரம். நடுவே அயோவா ஆறு ஓடுகிறது. அதன் இரு கரைகளிலும் 1847இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகம் பரந்திருக்கிறது. இவ்வளவு சிறிய ஊரில் இவ்வளவு மாணவர்கள் இருப்பதால் வீட்டு வாடகைச் சந்தையும் கல்வி ஆண்டை ஒட்டியே நடக்கிறது.

பெரும்பாலான ஒப்பந்தங்கள் ஆகஸ்டு தொடக்கத்தில் ஆரம்பித்து அடுத்த ஜூலை இறுதியில் முடிகின்றன. உள்ளூர் மாணவர்கள் பலர் அடுத்த ஆண்டுக்கான வீட்டை முந்தைய இலையுதிர் காலத்திலேயே பேசி முடித்துவிடுகிறார்கள். நம் பிள்ளைகளுக்குச் சேர்க்கைக் கடிதமே பெரும்பாலும் மார்ச், ஏப்ரலில்தான் வருகிறது. விசா கைக்கு வரும்போது ஜூன் ஆகிவிடுகிறது. தாமதமாகிவிட்டதே என்ற பதற்றம் இதனால்தான் பிறக்கிறது. ஏமாற்றுபவர்கள் விலை வைப்பதும் இந்தப் பதற்றத்துக்குத்தான்.

உண்மையில், தாமதமாக வருபவர்க்கும் வழி உண்டு. அறைத்தோழர் ஒருவர் விலகியதால் காலியான அறைகள், ஊரைவிட்டுப் போகும் மாணவர்கள் தரும் உள்வாடகை அறைகள் ஆகியவை கோடை முழுவதும் கிடைக்கும். வளாகத்தை ஒட்டிய வீடுகளில் வாடகை அதிகம். ஆற்றுக்கு மேற்கேயும், அடுத்துள்ள கோரல்வில்லிலும் சற்றே குறையும். மாணவர்களே ஓட்டும் 'கேம்பஸ்' பேருந்துகள் 1972 முதல் கட்டணமின்றி இயங்குகின்றன. ஆகவே வீட்டின் தூரத்தை மைலில் பார்ப்பதைவிட, பேருந்து நிறுத்தத்துக்கு எத்தனை நிமிட நடை என்று பார்ப்பதே நல்லது. ஜனவரியில் உறைபனியில் நடக்க வேண்டியது நம் பிள்ளைதானே.

எஃப்-1 விசா பெற்றவர் படிப்பு தொடங்கும் நாளுக்கு 30 நாட்களுக்கு முன்னரே அமெரிக்காவுக்குள் நுழைய முடியும். எனவே வீட்டைத் தேர்ந்தெடுக்கும் வேலை முழுவதும் இங்கிருந்தே நடக்கிறது. காணாத வீட்டுக்குக் கையெழுத்திடுவது தவிர்க்க முடியாததாகிறது.

கையெழுத்திடும் முன்

நம் நாட்டில் 11 மாத ஒப்பந்தம் எழுதி, ஒரு மாத முன்னறிவிப்பில் காலி செய்வது வழக்கம். அங்கே 12 மாத ஒப்பந்தம் என்றால் 12 மாத வாடகைக்கும் பொறுப்பு. பிள்ளை ஐந்தாம் மாதம் வீடு மாற விரும்பினால், ஒப்பந்தம் அனுமதிக்கும் முறையில் வேறொருவருக்கு உள்வாடகைக்கு விடவேண்டியிருக்கும்.

இன்னும் முக்கியமானது, நால்வர் சேர்ந்து ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முறை. 'கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு' என்ற பொருள்பட ஒரு வரி அதில் இருக்கும். ஒருவர் வாடகை தராமல் ஊருக்குப் போய்விட்டால் மற்ற மூவரிடமும் அதை வசூலிக்கலாம் என்பதே அதன் பொருள். அறைக்கு ஓர் ஒப்பந்தம் என்று தனித்தனியாக எழுதும் கட்டடங்களும் உண்டு. வாடகை சிறிது கூடுதலாயினும், அறிமுகமில்லாதவர்களோடு தங்கப் போகும் பிள்ளைக்கு அது பாதுகாப்பு.

சூடேற்றும் செலவு வாடகையில் சேர்ந்ததா என்பதைக் கட்டாயம் கேளுங்கள். குளிர்கால மாதங்களில் அந்தத் தொகை உங்கள் கணக்கைப் புரட்டிவிடும். அடுப்பும் குளிர்பதனப் பெட்டியும் பொதுவாக வீட்டோடு வரும். கட்டில், மெத்தை, மேசை பெரும்பாலும் வராது. சமையலறைக்கு நல்ல புகைபோக்கி உண்டா என்றும் விசாரிக்கலாம். நம் தாளிப்பின் புகைக்குக் கட்டடத்தின் புகை எச்சரிக்கை மணி அலறிவிடக்கூடும்.

முன்பணம் யாருடையது?

பெங்களூரிலும் சென்னையிலும் பல மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுத்துப் பழகிய நமக்கு அயோவா மாநிலச் சட்டம் வியப்பளிக்கும். அங்கே முன்பணம் இரண்டு மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. அதை உரிமையாளர் தம் சொந்தப் பணத்தோடு கலக்காமல், கூட்டரசின் காப்பீடு பெற்ற நிதி நிறுவனத்தில் வைத்திருக்க வேண்டும். முதல் ஐந்தாண்டு வட்டி உரிமையாளரைச் சேரும், அசல் குடியிருப்பவருடையது. குடியிருப்புக் காலம் முடிந்து, புதிய முகவரியும் கிடைத்த 30 நாட்களுக்குள் அவர் பணத்தைத் திருப்ப வேண்டும். அல்லது பிடித்தம் செய்ததற்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும். புதிய முகவரியை ஓராண்டுக்குள் தராவிட்டால் அந்தப் பணம் உரிமையாளருக்கே போய்விடும். காலி செய்யும் அவசரத்தில் மாணவர்கள் மறப்பது இதைத்தான்.

குடிபுகும் முதல் நாளே சுவர், தரைவிரிப்பு, சன்னல் எல்லாவற்றையும் தேதியோடு படமெடுத்து உரிமையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பி வைக்கச் சொல்லுங்கள். பழைய கறைக்குப் புதியவர் தண்டம் கட்டாதிருக்க இதுவே சான்று.

பணம் அனுப்பும் முன் மூன்று கேள்விகள்

முதலாவது, வீடு யாருடையது? அயோவா சிட்டியில் சொத்து உரிமையாளரின் பெயரை மதிப்பீட்டு அலுவலகத்தின் பொதுப் பதிவேட்டில் எவரும் இணையத்தில் பார்க்கலாம். வாடகைக்கு விடும் வீட்டுக்கு நகராட்சி அனுமதியும் தேவை. ஒப்பந்தத்தில் உள்ள பெயர், பதிவேட்டில் உள்ள பெயர், பணம் பெறும் கணக்கின் பெயர் ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும். நிர்வாக நிறுவனம் இடையில் இருந்தால் அந்த உறவு எழுத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, அந்த வீட்டை நமக்குத் தெரிந்தவர் எவரேனும் நேரில் பார்த்தாரா? அங்கு முன்பே படிக்கும் இந்திய மாணவர் ஒருவர் பத்து நிமிடம் நடந்து போய்ப் பார்த்தால் போதும்.

மூன்றாவது, இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் கையில் உள்ளதா? அதற்கு முன் பணம் வேண்டாம்.

இவை சரியானால் மற்றவை எளிது. தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தின்கீழ் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். பான் அட்டையும் ஏ2 படிவமும் தேவை. நோக்கத்தைச் சரியாகக் குறிக்க வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல், ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் வரை மூலத்தில் வரி வசூல் இல்லை. வங்கியில் பெற்ற கல்விக் கடனிலிருந்து அனுப்பும் தொகைக்கும் இல்லை. இடையிலுள்ள வங்கிகளின் கட்டணத்தை அனுப்புபவரே ஏற்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள். இல்லையேல் வாடகை சில டாலர் குறைந்து போய்ச் சேரும். அயோவாவில் 700 டாலருக்கு மேற்பட்ட வாடகை தாமதமானால் நாளொன்றுக்கு 20 டாலர் வரை, மாதத்துக்கு 100 டாலர் வரை தாமதக் கட்டணம் விதிக்கலாம். ஆகவே சில நாட்கள் முன்னதாகவே அனுப்புவது நன்று.

அந்த ஜூன் காலையில் இம்மூன்று கேள்விகளையும் எங்கள் வாடிக்கையாளரிடம் கேட்டோம். முதலில் அவருக்குக் கோபம் வந்தது. "என் பணத்தை அனுப்ப உங்களுக்கு ஏன் தயக்கம்?" என்றார். ஒரே ஒரு நாள் பொறுங்கள் என்று வேண்டிக்கொண்டோம். அன்றிரவே அவர் மகன் அங்குள்ள மூத்த மாணவர் ஒருவரைத் தேடிப் பிடித்தார். அவர் அந்த முகவரிக்குச் சென்று கதவைத் தட்டினார். அங்கே ஒரு வயதான தம்பதியர் பல ஆண்டுகளாகச் சொந்த வீட்டில் வசித்துவந்தனர். வாடகைக்கு விடும் எண்ணமே அவர்களுக்கு இல்லை.

மூன்று வாரங்கள் கழித்து அவர் மீண்டும் வந்தார். ஆற்றின் மேற்குக் கரையில், மூவர் தங்கும் வீட்டில் மகனுக்கு ஓர் அறை அமைந்திருந்தது. ஒப்பந்தம் முழுவதையும் அச்சிட்டு, பக்கம் பக்கமாகப் பென்சிலால் கோடிட்டிருந்தார். பெயர்கள் பொருந்தின, பணம் அன்றே போயிற்று. புறப்படும் முன் தம் நாட்குறிப்பைத் திறந்து, பின்பக்கத்தில் அடுத்த ஆண்டு ஜூலை 31 என்று எழுதி, அதனருகே "புது முகவரி கொடுக்க நினைவூட்ட வேண்டும்" என்று குறித்துக்கொண்டார்.